ரயில் பார்க்க ஒரு வார இறுதி: செங்கோட்டை மலைப்பாதையும் ஆரல்வாய்மொழிக் காற்றும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயிலில் ஏறிப் போவதற்காக அல்லாமல், ரயிலைப் பார்ப்பதற்காகவே ஊர் கிளம்புகிறவர்களுக்காக எழுதியது இது. தென்காசியில் தங்கி, சனிக்கிழமை செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையையும் ஞாயிற்றுக்கிழமை ஆரல்வாய்மொழிக் கணவாயையும் பார்த்துவிட்டு வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஸ்டேஷனில் நின்றாலே ரயில் தெரியுமே, தனியாக இடம் எதற்கு?

ஸ்டேஷனில் தெரிவது நிற்கிற ரயில். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். பெரிய ஜங்ஷனில் அரை நாள் உட்கார்ந்தால் பல ஷெட்டுகளின் (இன்ஜின்களைப் பராமரிக்கும் பணிமனைகளின்) இன்ஜின்களைப் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் இன்ஜின் பாரத்தை இழுப்பதும், பெட்டிகள் வளைவில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதும், ஒரு பாலம் முழுக்க வண்டி நிறைந்திருப்பதும் பிளாட்பாரத்திலிருந்து தெரியாது. தலைக்கு மேலே கூரை, முன்னால் கூட்டம், எதிர்ப் பாதையில் இன்னொரு வண்டி மறைப்பு. திறந்த வெளியில் ஒரு முறை பார்த்தவர்கள் மறுபடியும் அதையே தேடிப் போவார்கள்.

நல்ல இடம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

முதலில் நான் பார்ப்பது, அங்கே ரயில்வே நிலத்தில் கால் வைக்காமல் நிற்க முடியுமா என்பதை. பொதுச் சாலை, சாலைப் பாலம், ஆற்றின் படித்துறை, கேட்டுக்கு வெளிப்பக்கம், ஸ்டேஷன் பிளாட்பாரம் இவையெல்லாம் சரி. தண்டவாளத்தைக் கடந்தோ சரளைக்கல் மேட்டில் ஏறியோதான் பார்க்க முடியும் என்றால் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் கணக்கில் வராது.

அடுத்தது வேகம். பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதே இல்லை. எல்எச்பி எனப்படும் புதிய வகைப் பயணிகள் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர் நீளம். இருபது பெட்டிகளும் இன்ஜினும் சேர்ந்தால் அரைக் கிலோமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வண்டி உங்களைக் கடக்கப் பதினெட்டு விநாடிதான் ஆகும். அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு முழு நிமிடம். ஏற்றமோ கூர்மையான வளைவோ பழைய பாலமோ இருக்கிற இடத்தில் வண்டி தானாகவே மெதுவாகும். மெதுவாக வரும் வண்டியின் சத்தம் கூட வேறு. தூரத்திலேயே கேட்கத் தொடங்கி, மலையில் மோதி, இரண்டு திசையிலிருந்தும் வரும். அதனால்தான் நாளைக்கு நூறு வண்டி ஓடும் சமவெளிப் பாதையைவிட, சில வண்டிகளே ஓடும் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மூன்றாவது வளைவு. நேர்பாதையில் நின்றால் இன்ஜின் முகம் மட்டும் தெரியும். வளைவின் வெளிப்புறம் நின்றால் பெட்டிகள் பின்வாங்கி மறைந்துவிடும், உட்புறம் நின்றால் மொத்த வண்டியும் கண்ணுக்குள் வரும். நான்காவது வெளிச்சம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் நல்ல இடம் மாலையில் நல்ல இடமாக இருக்காது.

தமிழ்நாட்டில் எத்தனையோ பாதைகள் இருக்க, ஏன் தென்காசிப் பக்கம்?

நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மூன்று விதமான நிலம் கிடைப்பதால். செங்கோட்டைக்கு மேற்கே காடும் சுரங்கமும் கல்பாலமும். தென்காசிக்கும் நெல்லைக்கும் நடுவே பொதிகை மலையை முதுகில் வைத்துக்கொண்ட வயல்வெளி. ஆரல்வாய்மொழியில் மலை முடிந்து காற்றாலைகள் தொடங்கும் கணவாய். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, சனி காலை தென்காசியில் விடும். ஞாயிறு இரவு நெல்லையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ திரும்பிவிடலாம். குற்றால சீசனில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

செங்கோட்டை–புனலூர் பாதையில் எங்கே நிற்பது?

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் பார்ப்பது கூடுதலாக ருசிக்கும். கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904இல் போட்ட மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி) பாதை இது. அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது, 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலைப் பகுதியில் மீட்டர் கேஜ் ஓட்டம் 2010இல் நின்றது. அகலப்பாதையாக மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போய், 2018இல்தான் மறுபடி முழுமையாகத் திறந்தார்கள். இப்போது மின்கம்பியும் வந்துவிட்டது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை சுமார் 49 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 பெரும்பகுதி இதன் கூடவே போவது நமக்கு வசதி. தென்காசியிலிருந்து புனலூர், கொல்லம் போகும் பேருந்து எதில் ஏறினாலும் வழியில் இறங்கிக்கொள்ளலாம்.

முதல் இடம் பகவதிபுரம். தமிழ்நாட்டு எல்லைக்குள் கடைசி ஸ்டேஷன், புளியரை வயல்களை ஒட்டி இருக்கிறது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை சுவராக எழுந்து நிற்கும். சமவெளி முடிந்து ஏற்றம் தொடங்குவதை இங்கிருந்துதான் ஒரே பார்வையில் பார்க்கலாம். காலை வெளிச்சம் மலையின் முகத்தில் விழும், ஆகவே காலைக்கு இது.

இதற்கு அடுத்து வண்டி ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் புகுந்து கேரளத்தில் வெளியே வரும். சுரங்க வாயில் படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு பாதையோரமாக நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். காட்டுப் பகுதி, யானை நடமாட்டம் உண்டு, பாதைக்கும் பாறைக்கும் நடுவே ஒதுங்க இடமும் இருக்காது. சுரங்கம் பார்க்க ஆசை என்றால் டிக்கெட் எடுத்து வண்டியில் போங்கள்.

இரண்டாவது இடம்தான் இந்தப் பயணத்தின் உயிர்: கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவே உள்ள பதிமூன்று கண் பாலம். நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கருங்கல் தூண்கள், பதிமூன்று வளைவுகள். சாலையை ஒட்டியே நிற்கிறது, பக்கத்தில் கழுதுருட்டி ஆறு. சுண்ணாம்பும் கருப்பட்டியும் கலந்த சாந்தில் கட்டியது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அகலப்பாதைக்கு மாற்றியபோது இதை இடிக்காமல், தூண்களுக்கு மட்டும் கான்கிரீட் கவசம் போட்டு வலுப்படுத்தினார்கள். நூறாண்டு பழைய பாலத்தின் மேல் இன்றைய அகலப்பாதை வண்டி போகிறது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சாலையின் எதிர்ப்பக்கம் நின்றாலே பாலம் முழுவதும் தெரியும். வாகனங்கள் வேகமாகத் திரும்பும் இடம் என்பதால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, கூடியவரை ஓரமாக நில்லுங்கள். பாலத்தின் மேலே ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் ஏறாதீர்கள். பாலத்தின் மேல் நின்றால் பாலம் தெரியாது, ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

மூன்றாவது, தென்மலை ஸ்டேஷன். அமைதியான மலை ஸ்டேஷன், மழைக்கு ஒதுங்க இடம் உண்டு. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வரும் நாளில் ஒன்று இங்கேயோ அடுத்த ஸ்டேஷனிலோ ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடும். ஒற்றைப் பாதையில் இந்தக் கிராசிங்தான் பார்க்க வேண்டிய காட்சி. ஸ்டேஷன் பணியாளர் பச்சைக் கொடி காட்டுவதும், லோகோ பைலட் (இன்ஜின் ஓட்டுநர்) பதிலுக்குக் காட்டுவதும் வண்டிக்கு வண்டி நடக்கும். அந்தக் கை அசைவு மரியாதைக்குக் காட்டுவது மட்டும் அல்ல, வண்டியில் எதுவும் தொங்கவில்லை, புகையவில்லை என்று ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்ளும் வேலை.

வண்டிக்குப் பின்னாலும் ஓர் இன்ஜின் ஏன்?

அதற்கு பேங்கர் என்று பெயர். புனலூர் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. அங்கிருந்து ஆரியங்காவு வரை ஏறி, பிறகு செங்கோட்டைக்குக் கொஞ்சம் இறங்க வேண்டும். முன்னால் உள்ள இன்ஜின் மட்டும் முழு பாரத்தையும் இழுத்தால் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கின் மேல் இழுவிசை அதிகமாகும். ஈரமான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கவும் செய்யும். பின்னாலிருந்து ஒன்று தள்ளினால் பாரம் பகிர்ந்துபோகும். இறக்கத்தில் பிரேக்குக்கும் உதவி.

பார்ப்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கொல்லம் பக்கமிருந்து வரும் வண்டிக்குத்தான் ஏற்றம் நீளமானது. ஒரே வண்டியை ஒரே பாலத்தில் பார்த்தாலும், கிழக்கு நோக்கி வரும்போது இன்ஜின் உழைப்பதைக் கேட்கலாம், மேற்கு நோக்கிப் போகும்போது பிரேக் உரசலைத்தான் கேட்பீர்கள். இன்ஜின் முகம் கடந்ததும் கேமராவை மூடிவிடாதீர்கள், கடைசி வரை பாருங்கள்.

எந்த வண்டிகளுக்காகக் காத்திருக்கலாம்?

பாலருவி எக்ஸ்பிரஸ் பெயரில்தான் அருவி இருக்கிறது, மலையை இரவில் கடந்துவிடும். சென்னையிலிருந்து கொல்லம் போகும் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மலையேறும். திரும்பி வருவது மதிய வாக்கில் கொல்லத்தில் கிளம்பி, பிற்பகலில் மலைமேல் வரும். ஏற்றத்தில் வரும் பகல் வண்டி, இதைத் தவறவிட வேண்டாம். மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் இரு திசையிலும் பகலில் இந்தப் பகுதியைத் தொடும். இவை தவிர வாரத்தில் சில நாள் மட்டும் ஓடுபவையும் சிறப்பு வண்டிகளும் உண்டு.

நேரத்தை இங்கே எழுதவில்லை. கால அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் தென்மலை, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று ஸ்டேஷன் பெயரைப் போட்டுப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மலையில் செல்போன் சிக்னல் பல இடங்களில் போய்விடும். விசாரணைக்கு 139 எண்ணும் இருக்கிறது.

தென்காசி–நெல்லை பாதையில் நிற்க இடம் உண்டா?

உண்டு, ஆனால் நிற்பதைவிட இதில் பயணம் செய்வதுதான் நல்லது என்பேன். பாவூர்சத்திரம், கீழக்கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே, மேற்குப் பக்க ஜன்னலில் பொதிகையைப் பார்த்தபடி பாசஞ்சரில் போகலாம். சனி மாலையிலேயே நெல்லைக்கு இப்படி மாறிவிடுங்கள்.

நெல்லையில் நேரம் இருந்தால் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போங்கள். நாகர்கோவில் பாதை தாமிரபரணியைத் தாண்டும் ரயில் பாலம் அந்தப் பக்கம்தான். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில் மாலை நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் நகரத்துக்குள் கிடையாது. ரயில் வரும் வரை குளிக்கவும் செய்யலாம்.

நெல்லைக்குச் சற்று வடக்கே வாஞ்சி மணியாச்சி ஜங்ஷன். 1911 ஜூன் 17இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது அந்த ஸ்டேஷனில். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். சனிக்கிழமை செங்கோட்டையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழியில் என்ன இருக்கிறது? எந்தப் பக்கம் நிற்பது?

காற்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில் உள்ள கணவாய் இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் நெருக்கிப் பிடித்து வேகமெடுக்கும். பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நிற்பதற்கு அதுவே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இங்கே நின்றால் உடம்பே ஒப்புக்கொள்ளும்.

திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981இல் வந்தது. அண்மையில் இரட்டைப் பாதையாகிவிட்டது. மலை பாதைக்கு வடக்கிலும் மேற்கிலும் இருப்பதால், பாதையின் கிழக்குப் பக்கச் சாலைகளில் நின்று மேற்கே பார்த்தால் வண்டி, அதற்குப் பின்னால் காற்றாலை, அதற்கும் பின்னால் மலை என்று மூன்றும் ஒரே சட்டத்தில் விழும். காலையில் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், மலையின் மடிப்புகள் வரை தெரியும். பத்து பத்தரைக்கு மேல் வெளிச்சம் தட்டையாகி மலை மங்கிவிடும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கண்ணைக் கூசவைக்கும். ஆகவே ஞாயிறு விடியற்காலை இங்கே இருந்தே ஆக வேண்டும்.

காலையில் நாகர்கோவில்–கோயம்புத்தூர் பகல் எக்ஸ்பிரஸும், குருவாயூரிலிருந்து சென்னை போகும் எக்ஸ்பிரஸும் வடக்கே போகும். இரவெல்லாம் ஓடி வந்த சென்னை வண்டிகள் எதிர்த் திசையில் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் வரும். பிற்பகலில் சென்னையிலிருந்து வரும் வந்தே பாரத் நாகர்கோவிலைத் தொட்டுவிட்டுச் சிறிது நேரத்திலேயே திரும்பும். அதனால் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி அதை இரண்டு முறை பார்த்துவிடலாம். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் காற்றில் குடை, தொப்பி, துப்பட்டா, பிளாஸ்டிக் கவர் எதையும் கையில் தளர்வாகப் பிடிக்காதீர்கள். பறந்து போய் மேல்கம்பியில் சிக்கினால் வண்டியே நிற்க வேண்டி வரும். எடுக்க முயன்றால் உயிர் போகும், கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே தாக்கும். சாலை மேம்பாலத்திலோ நடைமேம்பாலத்திலோ நின்று செல்ஃபி ஸ்டிக்கைக் கம்பிப் பக்கம் நீட்டுவதும் அதே அபாயம்தான்.

அட்டவணையில் இல்லாத கூட்ஸ் வண்டி வருவதை எப்படித் தெரிந்துகொள்வது?

செயலி சொல்லாது, சிக்னல் சொல்லும். ஸ்டேஷன் அருகே நின்றால் சிக்னல் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கோ இரட்டை மஞ்சளுக்கோ பச்சைக்கோ மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் யாரோ வருகிறார்கள். பச்சை என்றால் நிற்காமல் போகும், ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக மெதுவாக வரும். லெவல் கிராசிங் பக்கத்தில் நின்றால் இன்னும் சுலபம். கேட் அடைத்துவிட்டால் வண்டி நெருங்குகிறது என்று பொருள்.

கேட் கீப்பர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். வண்டி கடக்கும்போது கொடியோடு நிமிர்ந்து நின்று, கடைசிப் பெட்டி வரை கண் எடுக்காமல் பார்ப்பார். கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிய பெருக்கல் குறியும், எல்வி (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசிப் பெட்டி) என்று எழுதிய சிறு பலகையும், சிவப்பு விளக்கும் இருக்கும். அவை தெரிந்தால்தான் வண்டி வழியில் அறுபடாமல் முழுசாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் வேலையில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கேட் திறந்த பிறகு ஒரு வணக்கம் சொல்லிக் கேட்டால், அடுத்து எந்தப் பக்கம் வண்டி என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

இன்ஜின் மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

முதல் எழுத்து டபிள்யூ என்றால் அகலப்பாதை. அடுத்தது ஏ என்றால் மின்சார இன்ஜின், டி என்றால் டீசல். மூன்றாவது பி என்றால் பயணிகள் வண்டிக்கு, ஜி என்றால் சரக்குக்கு. ஆக டபிள்யூஏபி-7 என்பது அகலப்பாதையில் பயணிகள் வண்டி இழுக்கும் மின்சார இன்ஜின், ஏழாவது வகை. பக்கவாட்டில் ஷெட் பெயர் இருக்கும். தெற்கே ராயபுரம், ஈரோடு, அரக்கோணம் ஷெட்டுகளின் இன்ஜின்களை அதிகம் பார்ப்பீர்கள். தொலைதூர வட இந்திய ஷெட்டின் இன்ஜின் ஒன்று வந்து நின்றால் ஆர்வலர்கள் ஏன் துள்ளுகிறார்கள் என்பது சில பயணங்களில் உங்களுக்கே புரிந்துவிடும்.

தண்டவாளத்தின் ஓரமாகக் கொஞ்சம் நின்றால் என்ன ஆகிவிடும்?

1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் விலகி நிற்கச் சொல்லவில்லை.

மின்சார இன்ஜின் எதிர்க்காற்றில் வந்தால், நெருங்கும் வரை சத்தமே கேட்காது. ஆரல்வாய்மொழிக் காற்றில் ஹாரன் ஒலியே வேறு பக்கம் போய்விடும். இரட்டைப் பாதையில் ஒரு வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மறு பாதையில் இன்னொன்று வரும், முதல் வண்டியின் சத்தத்தில் அது காதில் விழாது. தண்டவாளத்தில் நடந்த விபத்துகளில் இப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை லோகோ பைலட் அவசர பிரேக் போட்டாலும் கண் எதிரே நிறுத்த முடியாது, நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் அளவுகூட ஓடிவிடும். அவர் எதுவும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அந்த நிலையில் ஒரு மனிதரை வைக்க ரயிலை நேசிக்கிறவருக்கு உரிமை கிடையாது. நீங்கள் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தாலே அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஹாரனை அழுத்திக்கொண்டே வருவார்.

சாலையிலோ வேலிக்கு வெளியிலோ நின்று கை காட்டிப் பாருங்கள். பல நேரம் அவரும் கை காட்டுவார்.

படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டுமா? டிரோன் பறக்கவிடலாமா?

பொதுச் சாலையிலிருந்து சொந்த ஆர்வத்துக்காகச் செல்போனில் எடுப்பதற்கு யாரும் வரிந்து கட்டிக்கொண்டு வருவதில்லை. ஸ்டேஷனுக்குள் என்றால் பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள், பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். பெரிய கேமரா, முக்காலி வைத்திருந்தால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினர் வேண்டாம் என்றால் வாதாடாமல் கேமராவை உள்ளே வையுங்கள். விளம்பரம், சினிமா போன்ற வணிகக் காரியங்களுக்கு ரயில்வேயின் முறையான அனுமதி வேண்டும்.

டிரோன் வேண்டவே வேண்டாம். மேல்கம்பியும் காற்றும் காடும் சேர்ந்த இடம் இது.

செல்போன் கேமரா போதுமா?

போதும். பதிமூன்று கண் பாலத்துக்குச் செல்போனின் அகன்ற பார்வைதான் வசதி. வண்டி வருவதற்கு முன்பே காலிப் பாலத்தைப் படம் எடுத்து, எந்தக் கண்ணில் இன்ஜின் வரும்போது அழுத்துவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள், ஓட்டுநரின் கண்ணில் அடிக்கக்கூடாது. முதல் வண்டியைக் கேமரா இல்லாமல் வெறும் கண்ணால் பார்ப்பது என் வழக்கம். இடத்தின் ஒலியும் வேகமும் அப்போதுதான் பிடிபடும், அடுத்த வண்டிக்கு எடுக்கும் படம் தானாக நன்றாக அமையும்.

எந்த மாதம் போவது?

ஆனி, ஆடி, ஆவணி. தென்காசியில் சாரல், குற்றாலத்தில் தண்ணீர், மலையில் பச்சை, ஆரல்வாய்மொழியில் காற்றாலை முழு வேகத்தில் சுற்றும் காலம். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் மலைப்பாதை வேண்டாம், மண் சரிந்தால் சாலையும் ரயிலும் சேர்ந்தே நிற்கும். மழைக்காலத்தில் கேரளப் பக்கம் புல்லில் இறங்கினால் அட்டை ஏறும், கையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் வானம் துடைத்து விட்டாற்போல இருக்கும், படத்துக்கு அதுதான் சுத்தமான வெளிச்சம். பங்குனி, சித்திரை வெயிலில் போக வேண்டாம்.

சிறுவர்களையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. அவர்களோடு போகும்போது தென்மலை ஸ்டேஷனையும் குறுக்குத்துறையையும் தேர்ந்தெடுங்கள், உட்கார இடமும் நிழலும் உண்டு. பதிமூன்று கண் பாலத்தில் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், அங்கே பயப்பட வேண்டியது ரயிலுக்கு அல்ல, லாரிக்கு.

சாப்பாடு?

செங்கோட்டை போகும் வழியில் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். மலைக்குள் கடைகள் குறைவு, தண்ணீரும் பழமும் எடுத்துப் போங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், அது வனப்பகுதி.

எங்கள் ஊர்ப் பக்கமே இப்படி இடம் தேட முடியாதா?

முடியும். செல்போன் வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து ரயில் பாதையை விரலால் பின்தொடர்ந்து போங்கள். சாலை பாதையை மேலே தாண்டும் இடம், ஏரியோ ஆறோ பாதையைத் தொடும் இடம், பாதை சட்டென்று வளையும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கு எது என்று பார்த்தால் காலை இடமா மாலை இடமா என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். பிறகு ஒரு நாள் வண்டி எதையும் எதிர்பார்க்காமல் போய், நிற்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளூர் ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், எந்த வண்டி எந்நேரம் என்பதை அட்டவணையைவிடத் துல்லியமாகச் சொல்பவர்கள் அவர்கள்.

மேட்டுப்பாளையமும் பாம்பனும் உங்கள் பட்டியலில் இல்லையா?

இரண்டும் தனித்தனியாக ஒரு வார இறுதியைக் கேட்கும். மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம், கீழ்ப்பக்கம் நின்று இன்ஜின் தள்ளும். அங்கே காடு அடர்த்தி என்பதால் வெளியே நின்று பார்க்கக் கல்லாறு, குன்னூர் ஸ்டேஷன்களே சரி. பாம்பனில் 1914இல் திறந்த பழைய பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் வந்துவிட்டது. பக்கத்துச் சாலைப் பாலத்திலிருந்து பார்க்கலாம், ஆனால் உங்கள் வாகனத்தை அங்கே நிறுத்தி நெரிசல் உண்டாக்காதீர்கள்.

ஒரு பகல்தான் கிடைக்கும் என்றால் எதை விடுவது?

ஆரல்வாய்மொழியை விடுங்கள், அது எப்போது கன்னியாகுமரி போனாலும் வழியில் கிடைக்கும். காலையில் பகவதிபுரம், அங்கிருந்து பேருந்தில் கழுதுருட்டி. பிற்பகலில் கொல்லத்திலிருந்து வரும் சென்னை எக்ஸ்பிரஸ் பாலத்தைக் கடக்கும் வரை அங்கிருந்து நகராதீர்கள். அடுத்த இடம், அடுத்த வண்டி என்று துரத்தினால் பாதி நேரம் பேருந்தில் போய்விடும். அது கடந்ததும் தென்மலை ஸ்டேஷனுக்குப் போய் குருவாயூர் வண்டி இன்னும் வரவில்லை என்றால் அதையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன் தென்காசிப் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.